பழம் பெற்றோலும் சிற்றியந்திரங்களும்

நெல் பழையதாயின் சோற்றுக்குச் சிறக்கும். புளி பழையதாயின் மருந்துக்கு உதவும். பெற்றோல் அத்தகையதன்று. வடித்தெடுக்கப்பட்ட நாள் தொட்டே சிறிது சிறிதாகக் கெட்டு வரும் பண்டம் அது. பாலின் கேடு ஒரே இரவிற் புளிப்பால் வெளிப்படும். பெற்றோலின் கேடோ பல வாரம் மறைந்திருந்து, உரியவன் அவசரமாகப் புறப்படும் வேளையில், எத்தனை முறை உதைத்தும் கிளம்பாத மோட்டார் சைக்கிளாக வெளிப்படும். அப்பொழுது அவன் பிளக்கைக் குறை கூறுவான். சுருளைக் குறை கூறுவான். இயந்திரத்தை விற்றவனையும் குறை கூறுவான். தாங்கியுட் கிடக்கும் எரிபொருளின் மேல் அவனுக்கு ஐயம் எழுவதில்லை.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்னும் மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தில் இஃது அற்பமான செய்தியன்று. ஊருக்கும் ஊருக்கும் இடையே காடும் வயலும் நீண்டு கிடக்கும் அந்நிலத்தில் மோட்டார் சைக்கிளே பல குடும்பங்களுக்குக் காலாக உள்ளது. பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டு செல்வதும், நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றுவதும், மரக்கறியைச் சந்தைக்குச் சேர்ப்பதும் அதுவே. கச்சான் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவது பெற்றோலிலோ மண்ணெண்ணெயிலோ ஓடும் சிறிய இறைப்பியந்திரம். வயலுக்கு மருந்தடிக்கும் இயந்திரம், வரம்பிற் புல் வெட்டும் இயந்திரம், மின்சாரம் அற்ற வேளையில் உதவும் மின்பிறப்பாக்கி, கரையோரத்துப் படகின் வெளியிணைப்பு இயந்திரம் என இவையாவும் ஒரு குலத்தன. இவற்றுட் பல ஆண்டு முழுவதும் ஓடுவனவல்ல. பருவத்தில் ஓடிப் பருவம் முடிந்ததும் கொட்டிலிற் கிடப்பன. கிடக்கும் இயந்திரத்துட் கிடக்கும் பெற்றோலே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

வன்னியும் எரிபொருளும்

எரிபொருளின் அருமையை வன்னி மக்கள் அறிந்த அளவுக்கு இலங்கையிற் பிறர் அறிந்திலர் எனலாம். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் வடபுலத்துக்குப் பெற்றோல், டீசல் முதலியன செல்வது தடுக்கப்பட்டது. கிடைத்த சிறிதளவு பெற்றோலும் பன்மடங்கு விலைக்கு விற்றது. அக்காலத்தில் மக்கள் மோட்டார் சைக்கிளின் தாங்கிக்கு மண்ணெண்ணெயை வார்த்தனர். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேயே கொதிக்கத் தொடங்குவது. குளிர்ந்த இயந்திரத்தில் வேண்டிய அளவு ஆவியாகாது. ஆதலின் சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்கு ஊட்டி இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட விட்டனர். பிளக்கிற் கரி படிந்தது, புகை மிகுந்தது, எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் இயந்திர எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்தது. எனினும் பயணம் நடந்தது.

அவ்வனுபவத்தில் ஒரு பெரும் பாடம் உண்டு. இயந்திரத்தைக் கிளப்புவது எரிபொருளின் முழுமையன்று. அதனுள் எளிதில் ஆவியாகும் இலேசான பகுதியே கிளப்புகின்றது. இருவகை எரிபொருளில் ஓடும் இறைப்பியந்திரத்தை நிறுத்துமுன் மண்ணெண்ணெயை அடைத்துச் சிறிது நேரம் பெற்றோலில் ஓட்டி நிறுத்தும் முறையும் இக்கருத்துப் பற்றியதே. மறுநாட் கிளப்பும்போது காபுரேற்றருள் இருப்பது எதுவோ அதுவே இயந்திரத்தின் முதற் கவளம். முதற் கவளம் செரிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும்.

2002ஆம் ஆண்டு ஏப்பிரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டபின் எரிபொருள் தாராளமாக வந்தது. 2006ஆம் ஆண்டு ஓகத்தில் முகமாலையிற் பாதை அடைபட்டபின் மீண்டும் அருகிற்று. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்தபோது முல்லைத்தீவுக் கரையோரத்தில் எண்ணிறந்த மோட்டார் சைக்கிள்களும் துவிச்சக்கர வண்டிகளும் உடையோரின்றிக் குவிந்து கிடந்தன. வெயிலும் மழையும் உப்புக் காற்றும் தின்ற அவ்வண்டிகளின் தாங்கிகளுள் எஞ்சியிருந்தது துருவும் பிசினுமே.

பின்னர் 2022ஆம் ஆண்டு நாடு முழுவதையும் எரிபொருட் பஞ்சம் பற்றியது. அவ்வாண்டு யூன் 26ஆம் நாள் 92 ஒக்டேன் பெற்றோல் இலீற்றர் ஒன்றின் விலை 470 ரூபாவாயிற்று. யூலை மாதத்தில் அறிமுகமான தேசிய எரிபொருள் அனுமதி அட்டை முறையின்படி மோட்டார் சைக்கிள் ஒன்றுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 இலீற்றரே வழங்கப்பட்டது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இலீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் வண்டி ஒரு முறை சென்று மீள வாரப் பங்கிற் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். இந்நிலையில், கிடைத்ததைச் செலவிடாது கானிலும் போத்தலிலும் சேர்த்து வைத்தவர் பலர். 2023ஆம் ஆண்டு செத்தெம்பரில் அவ்வனுமதி முறை நீக்கப்பட்டது. பஞ்சம் நீங்கினும் பதுக்கும் வழக்கம் முற்றும் நீங்கவில்லை. பத்து இலீற்றரைச் சேமித்து வைத்து அது கெட்டுப்போயின், அன்றைய விலையில் 4,700 ரூபா வீணாயிற்று என்பதோடு, அதனைக் குடித்த இயந்திரமும் பழுதாயிற்று என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

பெற்றோல் கெடும் வகை

பெற்றோல் தனிப் பொருளன்று. நான்கு முதற் பன்னிரண்டு வரை காபன் அணுக்களைக் கொண்ட பல நூறு ஐதரோக்காபன்களின் கலவை அது. அவற்றுட் சில 30 பாகை செல்சியசுக்கு அண்மையிலேயே கொதிப்பன. சில 200 பாகை வரை பொறுப்பன. இக்கலவை மூன்று வழிகளாற் கெடுகின்றது.

முதலாவது, இலேசான பகுதி பறந்து போதல். மோட்டார் சைக்கிளின் தாங்கி மூடியில் நுண்ணிய காற்றுத் துவாரம் உண்டு. அஃது இல்லையாயின் எரிபொருள் கீழே இறங்காது. பகலில் தாங்கி சூடேறும்போது அத்துவாரம் வழியாக ஆவி வெளியேறுகின்றது. இரவிற் குளிரும்போது வெளிக்காற்று உட்புகுகின்றது. தாங்கி நாள்தோறும் இவ்வாறு மூச்சு விடுகின்றது. ஒவ்வொரு மூச்சிலும் எளிதில் ஆவியாகும் பகுதி குறைகின்றது. எஞ்சுவது பாரமான பகுதி. பார்வைக்குப் பெற்றோல் போன்றே இருப்பினும், குளிர்ந்த இயந்திரத்தைக் கிளப்பும் வலிமை அதனிடம் இல்லை.

இரண்டாவது, ஒட்சியேற்றம். மசகெண்ணெயை நேரே வடித்துப் பெறும் பெற்றோல் பெரும்பாலும் உறுதியானது. ஆனால் வளர்ந்துவரும் தேவைக்கு அது போதாமையால், பாரமான எண்ணெயை வெப்பத்தால் உடைத்துப் பெற்றோலாக்கும் முறை எழுந்தது. அமெரிக்கராகிய வில்லியம் பேட்டன் 1913ஆம் ஆண்டு இதற்கு உரிமம் பெற்றார். உடைத்துப் பெறும் பெற்றோலில் அற்கீன்கள் எனப்படும் இரட்டைப் பிணைப்புடைய ஐதரோக்காபன்கள் மிகுதி. இவை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சுயாதீன மூலிகங்கள் வழியாகத் தாக்கமுற்றுப் பரவொட்சைட்டுக்களை ஆக்கும். பரவொட்சைட்டுக்கள் மேலும் தாக்கமுற்று நீண்ட மூலக்கூறுகளாகத் திரண்டு பிசினாகும். இத்தாக்கம் சங்கிலி போன்றது. தொடங்கியபின் தானே விரையும். செம்பும் பித்தளையும் அதற்கு ஊக்கியாகின்றன. ஒளியும் வெப்பமும் அதனைத் தூண்டுகின்றன. வெப்பநிலை 10 பாகை உயரும்போது இத்தகைய தாக்கங்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலார் கூறும் பொதுக் கணக்கு. குளிர்நாட்டு நூல்கள் கூறும் காலவெல்லையை வன்னியின் சித்திரை வெயிலுக்கு அப்படியே பொருத்துதல் இயலாது என்பது இதனாற் பெறப்படும்.

இதனைத் தடுக்கவே சுத்திகரிப்பு நிலையத்தார் பெற்றோலுக்குச் சிறிதளவு ஒட்சியேற்ற எதிரிகளைச் சேர்க்கின்றனர். அவை ஒட்சிசனின் தாக்குதலைத் தாம் ஏற்று, தாம் தீரும்வரை பெற்றோலைக் காக்கும். தீர்ந்தபின் காவலில்லை. 92, 95 என்னும் ஒக்டேன் எண்கள் இயந்திரத்துட் பெற்றோல் தட்டலின்றி எரியும் தன்மையைக் குறிப்பன. நாட்பட நிற்கும் தன்மையைக் குறிப்பனவல்ல. விலை கூடிய 95 பெற்றோல் கெடாது என்னும் எண்ணம் தவறானது.

மூன்றாவது, நீர் சேர்தல். பாதி வெறுமையான தாங்கியினுள் ஈரக் காற்றுப் புகுந்து, இரவிற் சுவரில் வியர்த்து, துளியாய் அடியிற் சேரும். மாரியில் மூடி வழியே மழைநீரும் இறங்கும். 2018ஆம் ஆண்டு டிசெம்பரிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிற் பெருகிய வெள்ளம் போன்ற வேளையில் இயந்திரம் முழுவதுமே மூழ்கும். நீர் பெற்றோலிலும் பாரமானது. ஆதலின் அடியிலே தங்கி இரும்பைத் துருவாக்கும். எதனோல் கலந்த பெற்றோலில் இடர் வேறு வகையானது. எதனோல் நீரை ஈர்த்துத் தன்னுட் கரைத்துக்கொள்ளும். ஓர் எல்லையைக் கடந்ததும் நீரும் எதனோலும் சேர்ந்து தனிப் படையாகப் பிரிந்து அடியில் இறங்கும். இந்தியாவில் 2022ஆம் ஆண்டளவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எதனோல் கலத்தல் எய்தப்பட்டு, பின்னர் இருபது பங்காக உயர்த்தப்பட்டமையால், தமிழகத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் உறவினர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும்.

எத்துணைக் காலம் நிற்கும்

நன்றாக மூடிய தகுந்த கலனில், நிழலில், நிறைய வைக்கப்பட்ட பெற்றோல் ஓராண்டு வரை நிற்கக்கூடும். கலனை ஒருமுறை திறந்து சிறிது எடுத்தபின் ஆறு மாதம் எனக் கொள்க. காற்றுத் துவாரமுடைய இயந்திரத் தாங்கியில் அதன் நற்காலம் ஏறத்தாழ ஒரு மாதமே. இவை மிதமான வெப்பநிலைக்குரிய கணக்குகள். தகரக் கூரையின் கீழ் வெயில் காயும் கொட்டிலில் இவற்றைக் குறைத்தே மதிப்பிடுதல் அறிவுடைமை. காபுரேற்றரின் மிதவைக் கிண்ணத்துட் கிடக்கும் சில தேக்கரண்டி பெற்றோலோ எல்லாவற்றிலும் விரைந்து கெடும். அளவு சிறிது, காற்றுத் தொடர்பு பெரிது, சுற்றிலும் உலோகம். தாங்கியிலுள்ளது இன்னும் நன்றாயிருக்கும்போதே கிண்ணத்திலுள்ளது பிசினாகிவிடுதல் உண்டு.

இயந்திரத்துள் நிகழ்வது

காபுரேற்றர் என்பது காற்றையும் பெற்றோலையும் அளவறிந்து கலக்கும் கருவி. அதன் உயிர்நிலை ஜெற் எனப்படும் பித்தளைத் துண்டுகளின் துவாரங்கள். சிறிய மோட்டார் சைக்கிளின் மெதுவோட்ட ஜெற்றின் துவாரம் அரை மில்லிமீற்றருக்கும் குறைந்தது, தையலூசி நுழையாது. அதன் விளிம்பில் மயிரிழைத் தடிப்பிற் பிசின் படிந்தாலும் பெற்றோல் செல்லும் அளவு பெரிதும் குறையும். அதனால் இயந்திரம் சோக் இழுத்தாற் கிளம்பி, சோக்கைத் தள்ளியதும் அணையும்; வேகத்தில் ஓடி, சந்தியில் நிறுத்தும்போது நின்றுவிடும். பழம் பெற்றோலின் முதற் குறி இதுவேயாகும்.

மிதவையின் ஊசி வாயிலிற் பிசின் ஒட்டினால் இரு கேடுகள் விளையும். ஊசி மூடியபடி ஒட்டினாற் பெற்றோல் வாராது. திறந்தபடி ஒட்டினால் நிறுத்தாது வந்து வழியும். வழியும் பெற்றோல் தீக்கு வித்து. இயந்திரத்துள் இறங்கின் எண்ணெயை நீர்க்கச் செய்து உராய்வுறுப்புக்களைத் தேய்க்கும். மருந்தடிக்கும் இயந்திரம், மரமரியும் இயந்திரம் ஆகிய ஈரடிப்பு இயந்திரங்களில் மிதவைக்குப் பதிலாக மெல்லிய இறப்பர்த் தகடு இயங்குகின்றது. கெட்ட பெற்றோல் அதனை விறைக்கச் செய்யும். ஈரடிப்பு இயந்திரத்துக்கு எண்ணெய் கலந்த பெற்றோலே உராய்வெண்ணெயும் ஆதலின், அக்கலவை நாட்பட்டதாயின் இயந்திரம் உள்ளே வறண்டு இறுகவும் கூடும்.

புதிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றிற் காபுரேற்றர் இல்லை; மின்கட்டுப்பாட்டிற் பெற்றோலைப் பீச்சும் அமைப்பு உண்டு. அஃது அடைத்த அமைப்பாதலின் ஓரளவு காப்புடையது. ஆயினும் பீச்சியின் துவாரங்கள் ஜெற்றிலும் நுண்ணியவை. தாங்கியினுள் அமைந்த பம்பியும் பிசினாலும் துருவாலும் பழுதுறும். செப்பனிடும் செலவும் மிகுதி.

கெட்டதை அறிதல்

ஆய்வுகூடத்தில் ஒரு குறித்த அளவு பெற்றோலைச் சூடான காற்றால் ஆவியாக்கி எஞ்சும் பிசினை நிறுப்பர். 100 மில்லிலீற்றருக்கு 5 மில்லிகிராம் என்பது பொதுவான மேலெல்லை. வீட்டில் அத்தராசு இல்லையெனினும் கண்ணும் மூக்கும் உண்டு. கிண்ணத்தின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, அதனுள்ளிருப்பதைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் ஏந்துக. பெற்றோற் செற்றிலிருந்து அன்று வாங்கியதை இன்னொரு போத்தலில் வைத்து இரண்டையும் வெளிச்சத்தில் ஒப்பிடுக. நிறம் கறுத்துத் தேநீர்ச் சாயலாயிருப்பின் ஒட்சியேற்றம் முதிர்ந்தது. மணம் கூர்மை நீங்கி வார்னிஷ் போலப் புளித்து எழுந்தாலும் அவ்வாறே. அடியில் உருண்டோடும் கண்ணாடி மணி போன்றது நீர், செம்பொடி துரு. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு துளி இட்டு நிழலில் விட, நற்பெற்றோல் ஏறக்குறைய சுவடின்றி மறையும். கெட்டது ஒட்டும் மஞ்சள் வளையத்தை விட்டுச் செல்லும். இச்சோதனைகள் யாவும் அடுப்பு, விளக்கு, சுருட்டு ஆகியவற்றுக்கு எட்டாத வெளியிற் செய்யத்தக்கன.

துப்புரவு செய்யும் முறை

முதலிற் பெற்றோற் குழாயின் திறப்பை அடைத்துத் தாங்கியை வெறுமையாக்குதல் வேண்டும். ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. குழாயை வாயில் வைத்து உறிஞ்சிப் பெற்றோல் எடுக்கும் வழக்கம் ஊர்களில் உண்டு. ஒரு மிடறு பெற்றோல் நுரையீரலுட் சென்றாலும் அது கொடிய அழற்சியை உண்டாக்கி உயிருக்கே ஊறு செய்யலாம். அவ்வாறு நேரின் வாந்தி எடுக்கச் செய்தல் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். திறப்பின் குழாயைக் கழற்றித் தாழ்வான கலனில் வடியவிடுதலே நேர்வழி.

அடுத்து மிதவைக் கிண்ணத்தைக் கழற்றி, ஜெற்றுக்களைப் பொருத்தமான திருப்புளியால் எடுத்து, காபுரேற்றர் துப்புரவுத் திரவத்தில் ஊறவிடுக. துவாரத்தை உருக்குக் கம்பியாற் குத்துதல் தகாது. பித்தளை மெலிது; துவாரம் சிறிது பெருத்தாலும் பெற்றோல் அளவு என்றென்றைக்கும் மாறிவிடும். மின்கம்பியுள் இருக்கும் மெல்லிய செப்பிழை ஒன்றோ மீன்பிடி நைலோன் இழையோ போதும். பின்னர் அமுக்கிய காற்றால் ஊதுக. கராஜில் அதற்குக் கருவி உண்டு, வீட்டில் துவிச்சக்கர வண்டிப் பம்பி உதவும். ஜெற்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது துவாரம் வட்டமாக ஒளிர்தல் வேண்டும். மிதவை ஊசியின் முனை, வடிகட்டி, பிளக் ஆகியவற்றையும் துப்புரவாக்குக.

தாங்கியினுள் துரு இருப்பின் அதனை நீக்காது புதுப் பெற்றோல் வார்த்தல் வீண். சில நாளில் ஜெற் மீண்டும் அடைபடும். பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டு மினுக்கும் இல்லத்தார்க்கு இதன் மருந்து புதிதன்று. புளியிலுள்ள அமிலம் உலோகத்தின் மேற்படிந்த ஒட்சைட்டைக் கரைக்கின்றது. தாங்கிக்கு வினாகிரி ஏற்றது. தாங்கியைக் கழற்றிப் பெற்றோல் ஆவி முற்றும் நீங்க நீராற் பலமுறை கழுவி, வினாகிரியை நிரப்பி ஓரிரு நாள் விட்டு, சிறு திருகுசுரைகள் சிலவற்றை உள்ளிட்டுக் குலுக்கி வடித்து, அப்பச்சோடா கரைத்த நீரால் அமிலத்தைப் போக்கி, வெயிலில் நன்கு உலர்த்துதல் வேண்டும். உலர்ந்ததும் சிறிது எண்ணெய் பூசி, தாமதியாது புதுப் பெற்றோல் நிரப்பாவிடின் இரும்பு அன்றே மீண்டும் துருவேறும். வெறுந் தாங்கி என்று எண்ணி ஒட்டுவேலைக்குத் தீயருகே கொண்டுசெல்லல் ஆகாது. நிறைந்த தாங்கியிலும் ஆவி நிறைந்த வெறுந் தாங்கியே வெடிப்பதற்கு எளிது.

கெட்ட பெற்றோலை என் செய்வது

தெளிவாய், நீரும் துருவும் அற்றதாய், சில வாரம் மட்டும் பழையதாய் உள்ள பெற்றோலை வீசத் தேவையில்லை. புதுப் பெற்றோல் நான்கு பங்குக்கு ஒரு பங்கு வீதம் கலந்து, காபுரேற்றர் உடைய நாலடிப்பு இயந்திரத்தில் உடனே ஓட்டித் தீர்க்கலாம். புதுப் பெற்றோலின் இலேசான பகுதி கிளப்பும் தொழிலைச் செய்யும். கறுத்ததும் வார்னிஷ் மணம் உடையதும் எத்துணைக் கலப்பினும் ஆகாது. அதன் பிசின் நீங்குவதில்லை. கடைகளில் விற்கும் நிலைப்படுத்தும் திரவங்கள் புதுப் பெற்றோலின் ஆயுளை நீட்டுவன; கெட்டதை மீட்பனவல்ல.

அக்கெட்ட பெற்றோலை மண்ணெண்ணெயோடு கலந்து விளக்குக்கோ அடுப்புக்கோ வார்த்தல் பெருங்கேடு. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்ற அது 38 பாகை செல்சியசு அளவுக்காவது சூடாதல் வேண்டும். பெற்றோலின் ஆவியோ பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றும். சிறிதளவு பெற்றோல் கலந்த மண்ணெண்ணெய் விளக்கு, விளக்கன்று, வெடிபொருள். 2022ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் எரிவாயு கிடையாது பலர் மண்ணெண்ணெய் அடுப்புக்கும் விறகுக்கும் மீண்டமையும், பெற்றோல் வீட்டினுட் போத்தல்களில் இருந்தமையும் ஒருங்கே நிகழ்ந்தவை என்பதை நினைக்க, இவ்வெச்சரிக்கையின் தேவை விளங்கும். பெற்றோல் ஆவி காற்றிலும் பாரமானது. தரையோடு தவழ்ந்து அடுத்த அறையின் அடுப்பை எட்டவல்லது. குப்பையை எரிக்க அதனை ஊற்றுவோரும் இத்தகைய ஆவியாலேயே சுடப்படுகின்றனர்.

நிலத்திலோ வாய்க்காலிலோ ஊற்றுதலும் தகாது. வன்னியிற் குடிநீர் பெரும்பாலும் கிணற்று நீர். மண்ணில் இறங்கிய எண்ணெய் எங்கே சென்று எழும் என்பதற்குச் சுன்னாகத்துக் கிணறுகள் சான்று. மின்னிலையச் சூழலிலிருந்து பரவிய கழிவெண்ணெய் அப்பகுதிக் கிணறுகளைப் பாழாக்கியமை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019ஆம் ஆண்டு தீர்க்கப்பட்டது. ஒரு போத்தல் பெற்றோல் அத்துணைக் கேடு செய்யாதெனினும், தன் முற்றத்துக் கிணற்றுக்கு அது போதும். பழைய எண்ணெயைச் சேர்க்கும் கராஜ்களிற் கேட்டு, தனிக் கலனிற் பெயரெழுதி ஒப்படைத்தலே முறை. உராய்வெண்ணெய்க் கழிவோடு அதனைக் கலந்துவிடல் ஆகாது.

வருமுன் காத்தல்

மேற்கூறிய இடர் யாவும் சில எளிய பழக்கங்களால் தவிர்க்கத்தக்கன. மாரி தொடங்கி இறைப்புத் தொழில் ஓய்ந்ததும், இறைப்பியந்திரத்தின் தாங்கியை முற்றாக வடித்து, எஞ்சியது தீர்ந்து தானே நிற்கும்வரை ஓட்டி, கிண்ணத்தின் வடிதிருகையும் ஒருமுறை திறந்து மூடுக. வாடைக் காற்றில் முல்லைத்தீவுக் கடல் கொந்தளித்துத் தொழில் நிற்கும் காலத்திற் படகு இயந்திரத்துக்கும் இதுவே விதி. மோட்டார் சைக்கிளை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதாயின் இரும்புத் தாங்கியைப் புதுப் பெற்றோலால் நிரப்பி வைத்தல் நன்று; காற்றுக்கு இடமில்லாதபோது துருவுக்கும் இடமில்லை. ஆனால் திறப்பை அடைத்துக் கிண்ணத்தை வடித்துவிடல் வேண்டும். ஈரடிப்புக் கலவையை அந்த நாளின் வேலைக்கு வேண்டிய அளவே கலக்குக. மின்பிறப்பாக்கியை மாதம் ஒருமுறை கால் மணி நேரமாவது சுமையோடு ஓட்டுக; வெள்ளம் வந்த இரவில் அதனைச் சோதித்தல் காலம் கடந்த செயல்.

சேமித்தே ஆகவேண்டின், பெற்றோலுக்கென ஆக்கிய இறுகமூடும் கலனிற் சிறிதளவு, வீட்டுக்குப் புறம்பான நிழலில், பிள்ளைகள் எட்டாதவிடத்து வைத்தல் வேண்டும். நீர்ப் போத்தலும் சமையலெண்ணெய்க் கானும் அதற்கு ஏற்றனவல்ல. விரியும் ஆவிக்குச் சிறிது இடம் விடுக. கலனின் மேல் வாங்கிய நாளை எழுதுக. புதியது வரும்போது பழையதை வண்டிக்கு வார்த்துப் புதியதைக் கலனில் இடுக. குதிருக்கு நெல் இடும் இல்லத்தலைவி பழையதை முதலில் எடுப்பது போன்றதே இதுவும். இவ்வாறு சுழற்றப்படும் சேமிப்பே பஞ்சத்தில் உதவும். மூலையில் மறந்து கிடக்கும் பெற்றோல், எடுக்கும் நாளில் எரிபொருளாய் இராது.

2020ஆம் ஆண்டு மார்ச்சு முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்பிரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் உள்ள வண்டியைக் காத்து ஓட்டுவதன்றி வேறு வழி எளிய குடும்பங்களுக்கு இருந்ததில்லை. இன்றும் புது வண்டியின் விலை அவர்க்கு எட்டுவதன்று. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இயங்குகின்றன. ஒட்சியேற்றமும் ஆவியமுக்கமும் ஊக்கியும் பாடசாலை வேதியியலில் ஏலவே உள்ள பாடங்கள். அவற்றை ஒரு மிதவைக் கிண்ணத்தோடும் இரு கண்ணாடிப் போத்தல்களோடும் சேர்த்துக் கற்பிப்பின், மாணவன் பரீட்சைக்குக் கற்றது தந்தையின் இறைப்பியந்திரத்துக்கும் பயன்படும். அதிகாலையில் நோயாளியை ஏற்றிக்கொண்டு மாஞ்சோலை வைத்தியசாலைக்குப் புறப்படும் வண்டி முதல் உதையிற் கிளம்புவதற்கு, முன்னைய மாதம் ஒருவர் வடிதிருகைத் திறந்து மூடிய ஒரு நிமிடம் காரணமாகலாம்.